மாணவர் ரோபாட்டிக்ஸ் மன்றங்கள் அரசு நிதியைக் கேட்க வேண்டுமா?

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ரோபாட்டிக்ஸ் மன்றம் நடத்தும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது. இதுவரை முன்னாள் மாணவர்கள் தந்த நன்கொடையிலும் பெற்றோர் பகிர்ந்துகொண்ட தொகையிலும் மன்றம் ஓடிவிட்டது. இனி, பள்ளியில் கருவிகளோடு ஆய்வகம் அமைக்க மானியம் தரும் அடல் டிங்கரிங் ஆய்வகம் போன்ற அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாமா, அல்லது அரசுப் பணத்தோடு அரசின் கட்டுப்பாடும் தாமதமும் சேர்ந்தே வரும் என்பதால் ஒதுங்கியிருப்பதே நல்லதா என்று அவர் கேட்கிறார்.

கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான பதில். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்க வேண்டியவற்றுக்கு, அதாவது அறைக்கும் பெரிய கருவிகளுக்கும் எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியரின் நேரத்துக்கும் அரசிடம் கேட்க வேண்டும். போட்டிக் காலத்தில் இன்று கேட்டு நாளை வேண்டும் என்கிற செலவுகளை அரசுத் தவணையை நம்பி வைக்கக் கூடாது. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் விண்ணப்பித்த பள்ளிகளும் சிரமப்பட்டிருக்கின்றன. இதைச் செய்யாமலே அரசு நிதி வேண்டாம் என்று முடிவெடுத்த பள்ளிகளும் தங்கள் மாணவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியதை இழந்திருக்கின்றன.

முதலில் கேட்பது ஏன் நியாயம் என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கபடிக்கும் கோ-கோவுக்கும் தடகளத்துக்கும் குறுவட்ட அளவில் தொடங்கி மாநில அளவு வரை போட்டிகள் நடக்கின்றன. உடற்கல்வி ஆசிரியர் என்றொரு பணியிடம் இருக்கிறது. போட்டிக்குப் போகும் மாணவனை வகுப்புக்கு வராதவனாகக் கணக்கிடுவதில்லை. விளையாட்டுக்கு அரசு செலவிடுவதை யாரும் தயவாக நினைப்பதில்லை, அது பள்ளிக் கல்வியின் ஒரு பகுதி என்றே ஏற்றுக்கொண்டுவிட்டோம். ரோபாட்டிக்ஸ் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அது வருகிற வரையில், மாதக் கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி மையத்துக்குப் பிள்ளையை அனுப்பக்கூடிய குடும்பங்களின் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் இருக்கும். எந்த மாவட்டப் போட்டிக்குப் போனாலும் மேசைகளில் எந்தப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன என்று பாருங்கள். நிதி எங்கிருந்து வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் அங்கே யார் நிற்கிறார்கள் என்பதும் அமைகிறது. கல்லூரி அளவில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு: ஐ.ஐ.டி. பம்பாயின் இ-யந்திரா திட்டம் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில் வளர்ந்தது. அதன் போட்டிகளில் தேர்வாகும் அணிகளுக்கு ரோபோ சாதனங்கள் இலவசமாக அனுப்பப்பட்டதால், பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாத சிறு ஊர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் அங்கே போட்டியிட முடிந்தது. பொதுப்பணம் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

செலவு எங்கே விழுகிறது என்பதையும் தெளிவாகப் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்வது மலிவு, போட்டியிடுவதுதான் விலை அதிகம். நிரல் எழுதி மோட்டார்களை இயக்க உதவும் ஓர் ஆர்டுயினோ மின்னணுப் பலகை, கம்பிகளைச் செருகிச் சுற்று அமைக்கும் பிரெட்போர்டு, சில சென்சார்கள், இரண்டு சிறிய மோட்டார்கள் ஆகியவற்றைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். தரையில் வரைந்த கோட்டைப் பற்றிச் செல்லும் வண்டியை அதைக் கொண்டே ஒரு குழு செய்துவிடும். ஆனால் பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக் போன்ற சர்வதேச ரோபோ போட்டிகளில் ரோபோவை லெகோ பாகங்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது விதி, அதற்கான தொகுப்பின் விலை பல பத்தாயிரம் ரூபாய். அதோடு பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேரும். தன்னிடம் பணமில்லை என்று ஒரு பள்ளி சொல்லும்போது, கற்பிக்கப் பணமில்லையா, போட்டிக்குப் போகப் பணமில்லையா என்பதைப் பிரித்துக் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் வெவ்வேறு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும்.

இனி அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு வருவோம். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் 2016இல் தொடங்கிய இந்தத் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் மானியம் தருவதாக அமைந்தது. அதில் 10 லட்சம் ஆய்வகத்தை அமைப்பதற்கு. மீதி 10 லட்சம், அதிகபட்சம் ஐந்தாண்டுகளுக்கான நடைமுறைச் செலவுக்கு. அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமின்றி அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்தும் பள்ளிகளுக்கும் இது திறந்திருந்தது. நாடெங்கும் 10,000 ஆய்வகங்கள் இவ்வாறு அமைந்துள்ளன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை, இந்த ஆய்வகங்களை உள்ளடக்கிய அடல் புத்தாக்கத் திட்டம் முழுவதையும் 2,750 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2028 மார்ச் வரை நீட்டித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கை, அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தது. ஆகவே பணம் இருக்கிறது, அது இனியும் வரும். ஆனால் புதிய அறிவிப்பு அரசுப் பள்ளிகளை முன்னிறுத்துவதால், உங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளி அந்தந்தச் சுற்றின் தகுதி விதியை முதலில் படித்துவிட வேண்டும்.

இந்த 20 லட்சத்தின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கருவி வாங்கப் பணம் இருக்கிறது. பராமரிக்கவும் பணம் இருக்கிறது. ஆனால் வாரத்தில் இத்தனை மணி நேரம் இந்த அறையில் இருப்பதே வேலை என்று ஒருவரை நியமித்துச் சம்பளம் கொடுக்க அந்தத் தொகை போதாது. பொறுப்பாசிரியர் என்று ஒருவர் பெயர் எழுதப்படும். அவர் அநேகமாக இயற்பியல் ஆசிரியராகவோ கணினி ஆசிரியராகவோ இருப்பார். அவருக்கு ஏற்கெனவே முழுப் பாடவேளைகள் இருக்கும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு பற்றிய கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தத் திட்டத்தின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் உதவிக்குப் போன பள்ளி ஒன்றில் கண்டதைச் சொல்கிறேன். அறை அழகாக இருந்தது, சுவரில் விஞ்ஞானிகளின் படங்கள் இருந்தன, முப்பரிமாண அச்சு இயந்திரம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது. திறந்து பார்த்தபோது அதில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் இழை பல மாதங்களாகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. விரலால் வளைத்தால் சுள்ளி போல ஒடிந்தது. இழையை உருக்கி வெளிவிடும் உருகுமுனை அடைத்துப்போயிருந்தது. அதைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை: முனையைச் சூடாக்கி, மெல்லிய ஊசியால் குத்தி, புதிய இழையைச் செலுத்தினால் போதும். ஆனால் யாரும் செய்யவில்லை, ஏனென்றால் யாரும் தொடவே இல்லை. பொறுப்பாசிரியர் நல்லவர், ஆர்வம் உள்ளவர். அவர் என்னிடம் காட்டியது இருப்புப் பதிவேட்டை. சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார், கம்பி, பேட்டரி உட்பட ஒவ்வொரு பொருளும் நிரந்தரச் சொத்தாக அதில் பதிவாகியிருந்தது. எண்ணிக்கை குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பூட்டி வைப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

நூறு ரூபாய்ச் சொச்சம் விலையுள்ள ஒரு சிறிய சர்வோ மோட்டாரின் பற்சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது. மாணவர்கள் கையாலே அதைத் திருப்பிப் பார்ப்பார்கள், பல் நொறுங்கும். அப்படி இரண்டு மூன்று நொறுங்கிய பிறகுதான், ஒரு மோட்டாரால் எவ்வளவு பாரம் தாங்க முடியும் என்பது அவர்கள் கைக்குப் பழகும். உடைவதற்கு இடமில்லாத ஆய்வகத்தில் ரோபாட்டிக்ஸ் கற்க முடியாது. ஆகவே அரசு நிதி பெறும் எந்தப் பள்ளியும் முதல் நாளே செய்ய வேண்டியது, பொருள்களை இரண்டு பதிவேடுகளாகப் பிரிப்பது. அச்சு இயந்திரம், மடிக்கணினி, துளைக்கருவி போன்றவை நிரந்தரச் சொத்து. மோட்டார், சென்சார், கம்பி, மின்தடை, பேட்டரி, அச்சு இழை ஆகியவை நுகர்பொருள். அவை தீர்ந்துபோவதற்காகவே வாங்கப்படுபவை. தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் கையெழுத்திட்டு, பருவத்துக்கு ஒருமுறை உடைந்தவற்றைக் கழித்து எழுதும் நடைமுறையை எழுத்தில் ஏற்படுத்திவிட்டால், பொறுப்பாசிரியரின் பயம் பாதி தீர்ந்துவிடும். அரசின் பொது நிதி விதிகளும் சிறு தொகைக் கொள்முதலுக்கு, தரமும் விலையும் சரி என்று பொறுப்பான அலுவலர் சான்றளித்தால் விலைப்புள்ளி இல்லாமலே வாங்க இடம் தருகின்றன. விதி அவ்வளவு கடுமையானது அல்ல. அதைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல், இல்லாத கடுமையை நாமே ஏற்படுத்திக்கொள்கிறோம்.

கேரளம் இதை வேறு விதமாக அணுகியது. அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் தொழில்நுட்ப மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கியபோது, ஒவ்வொரு மன்றத்துக்கும் இரண்டு ஆசிரியர்களைப் பொறுப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில்தான் ஏறத்தாழ 2,000 பள்ளிகளுக்கு 9,000 ரோபாட்டிக்ஸ் தொகுப்புகள் போய்ச் சேரத் தொடங்கின. அந்தத் தொகுப்பிலும் ஆடம்பரம் எதுவும் இல்லை: ஆர்டுயினோ பலகை, எல்.இ.டி.கள், சிறிய சர்வோ மோட்டார், ஒளி உணரி, அகச்சிவப்பு உணரி, ஒலிப்பான், பொத்தான், கம்பிகள். 2025இல் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே ரோபாட்டிக்ஸ் கட்டாயப் பகுதியாகச் சேர்ந்தது. முதலில் ஆள், பிறகு பொருள், அதன்பிறகு பாடம் என்ற இந்த வரிசையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பாடவேளை கிடைத்துவிட்டால் ஆசிரியரின் நேரமும் கிடைத்துவிடுகிறது. மன்றம் ஓர் ஆசிரியரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி நடக்க வேண்டிய நிலை மாறுகிறது. 50,000 புதிய அறைகளா, ஏற்கெனவே உள்ள 10,000 அறைகளுக்கு வாரம் ஆறு பாடவேளை ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியரா என்று என்னைக் கேட்டால், இரண்டாவதையே தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

அரசு நிதிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று உண்மையிலேயே கனமானது, அதை எடைபோட அமெரிக்க அனுபவம் உதவுகிறது. மாணவர் ரோபோ போட்டிகளை நடத்தும் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கினார். 1992இல் அங்குள்ள மான்செஸ்டர் நகரப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. நிறுவனங்கள் பணத்தை மட்டும் தந்தால் போதாது, தங்கள் பொறியாளர்களையும் மாணவர்களோடு உட்கார வைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அரசு எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டால் பள்ளி எந்தத் தொழிற்சாலையின் கதவையும் தட்டாது. மாணவர்கள் ஒரு பொறியாளரையும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் வாதம். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் ஒரு அச்சுத்தண்டைக் கடைந்து தரச் சொல்லிப் போகும் மாணவன், அரை மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்பதை அங்கே கற்பதுபோல் எந்த ஆய்வகத்திலும் கற்க மாட்டான். இணையத்தில் வாங்கிய தொகுப்பை மட்டும் பொருத்திப் பழகிய பிள்ளைகளுக்கு இது கிடைப்பதில்லை.

ஆனால் இதற்குத் தீர்வு அரசு நிதியை மறுப்பது என்றாகிவிடாது. மிச்சிகன் மாநிலம் தன் பள்ளி நிதிச் சட்டத்திலேயே ரோபாட்டிக்ஸ் அணிகளுக்கு மானியம் ஒதுக்கியது. பயிற்றுநராக இருக்கும் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தரவும் அதில் இடம் வைத்தது. அதே நேரத்தில், செலவில் ஒரு பங்கை உள்ளூரிலிருந்து பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ திரட்ட வேண்டும், ஒரு நிறுவனத்தையோ கல்லூரியையோ பங்காளியாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்த்தது. அதாவது அரசின் பணமே பள்ளியைத் தொழிற்சாலையின் வாசலுக்கு அனுப்பியது. அந்த மாநிலத்தில் இன்று 500க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி அணிகள் இருக்கின்றன. வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் அவ்வளவு இல்லை. அமெரிக்க மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்கள் ரோபாட்டிக்ஸ் போன்ற இலாப நோக்கற்ற போட்டிகளில் பங்கேற்பதற்கு மானியத்தைப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதே சட்டம், தொழில்நுட்பத்துக்கென ஒதுக்கும் பகுதியில் 15 விழுக்காட்டுக்கு மேல் கருவிகளுக்கும் கட்டமைப்புக்கும் போகக் கூடாது என்று வரம்பும் கட்டுகிறது. கருவிக்கு உச்சவரம்பு, மனிதருக்கு இல்லை. நம் திட்டங்களை எழுதுபவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய விதி இது.

தாமதம் என்ற ஆட்சேபத்துக்கும் அங்கேயே உதாரணம் உண்டு. நாசா நீண்ட காலமாக மாணவர் அணிகளுக்கு ஆதரவு தந்து வருகிறது. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை, நிதி ஒதுக்கீட்டுச் சிக்கலால் அமெரிக்க அரசின் பல துறைகள் 35 நாட்கள் முடங்கின. நாசா ஊழியர்களில் பெரும்பாலோர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டனர். அந்த ஆண்டு ஃபர்ஸ்ட் போட்டிக்கு அணிகள் ரோபோவைக் கட்டும் காலம் ஜனவரி 5ஆம் தேதி தொடங்கியிருந்தது. அப்போது ஆறு வாரமே இருந்த அந்தக் காலத்தில், நாசாவின் இடத்தையும் பொறியாளர்களையும் நம்பியிருந்த அணிகளுக்கு ஏறத்தாழ முதல் மூன்று வாரம் அவை கிடைக்கவில்லை. நம் ஊரில் முடக்கம் இந்த வடிவில் வராது. பணத்தைச் செலவிட்டதற்கு அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ் திரும்பி வந்தது, அடுத்த தவணை மார்ச் தாண்டிப் போயிற்று என்ற வடிவில் வரும். போட்டியோ நம் தவணைக்காகக் காத்திருக்காது.

அதனால்தான் தொடக்கத்தில் சொன்ன பிரிவினையை வலியுறுத்துகிறேன். ஒரு பருவத்துக்கான நுகர்பொருளும் பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் மன்றத்தின் சொந்தக் கையிருப்பில் எப்போதும் இருக்க வேண்டும். முன்னாள் மாணவர்களின் பணம் இதற்குத்தான். மானியக் கணக்கையும் இந்தக் கணக்கையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. மானியத்துக்கு வங்கி தரும் வட்டியும் அரசுக்கே சேர வேண்டும் என்பது விதி. அந்தச் சிறிய வட்டித் தொகையைக் கணக்கில் காட்டாமல் விட்டாலே பயன்பாட்டுச் சான்றிதழ் திரும்பி வரலாம்.

அரசைத் தவிர்த்து நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை மட்டும் நம்பலாமே என்று சிலர் சொல்வார்கள். அது சுதந்திரமான பணம் என்ற எண்ணம் சரியல்ல. அதுவும் சட்டத்தால் பிறந்த பணம்: 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தங்கள் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்கிறது. அதைப் பெறும் அமைப்பு உரிய பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு பள்ளி மன்றம் நேரடியாகப் பெற்றுவிட முடியாது. நிதியாண்டு முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டிய அவசரமும் உண்டு. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் மரம் நடுவதற்கு மாறிவிட்டால் நீங்கள் யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. அரசுத் திட்டத்திலோ விதி எழுத்தில் இருக்கிறது. தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு, 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற அமைப்பின் வழியாக நிறுவன நிதியையும் முன்னாள் மாணவர் நன்கொடையையும் பெற ஒரு பாதை இருக்கிறது. உங்களுடையது உதவி பெறும் பள்ளி என்பதால் உங்கள் நிர்வாகத்தின் அறக்கட்டளை வழியாகப் போவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கட்டுப்பாடு பற்றிய அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. அரசு நிதி வந்த பிறகு பார்வையிட வருபவர்களுக்குக் காட்ட ஒரு ரோபோ எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி வரும். அதையே மீண்டும் மீண்டும் துடைத்து வைத்துக் காட்டுவார்கள், புதிதாக எதையும் பிரித்துப் போட மாட்டார்கள். விண்ணப்பத்திலேயே உங்கள் அளவுகோலை நீங்களே எழுதிவிட்டால் இதைத் தவிர்க்கலாம்: ஆண்டுக்கு எத்தனை மாணவர்கள், அதில் எத்தனை மாணவிகள், வாரம் எத்தனை மணி நேரம் அறை திறந்திருக்கும், எத்தனை மோட்டார்கள் தேய்ந்து கழிக்கப்படும். கடைசி எண்ணைப் பார்த்து அதிகாரி வியப்படைவார். விளக்கிச் சொல்லுங்கள், புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்.

பணம் ஒரு ரூபாய்கூட இல்லாமல் கேட்கக்கூடியவையும் உண்டு, அவற்றை முதலில் கேளுங்கள். பொறுப்பாசிரியருக்கு வாரம் நான்கு பாடவேளை குறைப்பு. போட்டி நாட்களில் அவருக்கும் மாணவர்களுக்கும் பணி நிமித்த வருகைப் பதிவு. மாலை ஆறு மணி வரை அறையைத் திறந்து வைக்க எழுத்துபூர்வ அனுமதி. இந்த மூன்றையும் பள்ளி நிர்வாகமும் கல்வி அலுவலரும் தர மறுத்தால், இந்த ஆண்டு 20 லட்சத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அந்தப் பணம் கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும். தர முன்வந்தால், அடுத்த சுற்று அறிவிப்புக்குக் காத்திருக்காமல் அந்த மூன்று உத்தரவுகளின் நகலோடும், பட்டறைக்காரர் ஒருவரின் ஒப்புதல் கடிதத்தோடும், பிரித்து எழுதிய இரண்டு பதிவேடுகளோடும் விண்ணப்பக் கோப்பை இப்போதே தயாரித்து வைத்துவிடுங்கள்.